நூறு வருஷம் நிற்கும்

1995-ஆம் வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு, உக்கடம் நூர் கலர் லேபின் சோதனைப் பெட்டிக்குள் இருந்த நிச்சயதார்த்தப் படத்தில், நாற்பத்து மூன்று நாட்களாக நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை வெங்கடபதி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிலோ ஏழு ரூபாய். படத்தின் நிறம் துளியும் மங்கவில்லை. பெண்ணின் அரக்குப் பட்டு அரக்காகவே இருந்தது, மாமியார் கழுத்து ஆரம் பொன்னாகவே மின்னியது, பின்னால் கட்டியிருந்த வாழைத்தாரில் ஒரு காய்கூடப் பழுக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு மடக்கு நாற்காலியில், முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்த ஆளின் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி முந்தின நாள் வரை படத்தில் கிடையாது. அதன் முதுகில் சிவப்புப் பெயிண்டில் 114 என்று எழுதியிருந்தது. சாயங்காலமே கணபதி ஏரியாவிலிருந்து சாமியானா வாடகைக்காரர் ஒருவர் வந்து, குடோனில் 114-ஆம் நம்பர் குறைகிறது என்றார். பெட்டிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். "நம்முளுதுதானுங்க. காரியம் முடிஞ்சதும் அனுப்பிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

யாகூப்தான் முதலில் பார்த்தார். லேபின் சொந்தக்காரர், வயது நாற்பத்தெட்டு, ஈரப் படத்தின் ஓரத்தைத் தொட்டே படம் கழுவிய மருந்து எத்தனை டிகிரியில் இருந்தது என்று சொல்லிவிடக் கூடியவர். மாப்பிள்ளை உட்கார்ந்தது அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நிமிஷம் வாசலுக்கு ஓடிவந்து, தலையைத் தூக்கிக் கடைப் பலகையைப் பார்த்தார். தரையிலிருந்து எட்டடி உயரத்தில், பச்சையில் மஞ்சள் எழுத்தாக, நூர் கலர் லேப் அங்கேயேதான் இருந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதுதான் கேள்வி.

இந்த வில்லங்கம் முழுக்க ஒரே ஒரு சொல்லிலிருந்து முளைத்தது. ஏப்ரல் மாதத்தில் சரவணம்பட்டியிலிருந்து வரலட்சுமி வந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் லட்சுமணசாமி, சத்தி ரோட்டில் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர். மகள் தேஜஸ்ரீக்கு ஆவணியில் கல்யாணம். வரலட்சுமி கையில் ஒரு பழைய ஆல்பம் இருந்தது. 1972-இல் அவருக்கு நடந்த கல்யாணத்தின் கலர் ஆல்பம். அந்த வட்டாரத்திலேயே முதல் கலர் ஆல்பம் என்று அந்தக் காலத்தில் பார்க்க ஆள் வருமாம். இருபத்து மூன்று வருஷத்தில் பச்சையும் நீலமும் பறந்துபோய், பெண், மாப்பிள்ளை, ஐயர், அட்சதைத் தட்டு, நாதஸ்வரம் எல்லாம் பீட்ரூட் சாற்றில் முக்கி எடுத்த மாதிரி ஒரே சிவப்பு. ஒரு படத்தில் பின்வரிசையைக் காட்டி வரலட்சுமி சொன்னார்: "எங்கப்பா இதுல எங்கியோ நிக்கறாருங்க. எந்தச் செவப்பு எங்கப்பான்னுதான் தெரியல. அடுத்த வருசமே போயிட்டாரு. அவரோட படம்னு இருக்கறது இது ஒண்ணுதானுங்க." பிறகு ஆல்பத்தை மூடிவிட்டுக் கேட்டார். "எம்பொண்ணுக்கு இப்புடி ஆகப்படாது. உங்க படம் எத்தனை வருசம் நிக்குமுங்க?"

யாகூபின் வாய் அவர் மூளையைவிட அரை வினாடி முன்னால் ஓடுகிற வாய். பேப்பர் வந்த டப்பாவில், வெளிநாட்டு ஆய்வகத்தில் சூட்டிலும் வெளிச்சத்திலும் வைத்துப் பார்த்ததில் நூறு வருஷம் தாங்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. "நூறு வருசம் நிக்குமுங்கம்மா" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கோயமுத்தூரில் சாயம் நிற்கும், சுண்ணாம்பு நிற்கும், இஸ்திரி மடிப்பு நிற்கும். மழை நிற்கும் என்றாலும் பஸ் நிற்கும் என்றாலும் வேறு வேறு அர்த்தம், அதில் யாரும் குழம்புவதில்லை. ஆனால் வரலட்சுமிக்குப் பின்னால் லட்சுமணசாமி நின்றுகொண்டிருந்தார். ஆறடி ஓரங்குலம். தன் கம்பெனியில் செய்கிற ஒவ்வொரு பம்ப்செட்டையும் எழுபத்திரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட விடுவார். நடுவில் ஒரு தடவை நின்றால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அவர் நிதானமாகக் கேட்டார்.

"நூறு வருசம் ஆருங்க பாத்தது, பாய்?"

"டெஸ்ட் பண்ணியிருக்காங்களாமுங்க. டப்பால போட்டிருக்குது."

"டப்பால போட்டா ஆச்சுங்களா? எம்பட டப்பாலயுந்தான் என்னென்னமோ போட்டிருக்குது. ஓட்டிக் காட்டுங்க."

நூறு வருஷத்தை எப்படி ஓட்டிக் காட்டுவது என்று யாகூப் கேட்டார். அதற்கு வழி உண்டு என்றார் லட்சுமணசாமி. அடுத்த வாரமே அவருடைய ஃபிட்டர் சுப்பையன், பல்லடம் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் கழித்துப்போட்ட குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து லேபின் பின் அறையில் இறக்கினார். முட்டைத் தட்டுகளைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் இருபத்து நாலு டியூப்லைட் மாட்டினார். சூட்டுக்கு ஒரு ஹீட்டர் காயில், ஈரத்துக்கு ஒரு தண்ணீர்த் தட்டு. கரண்டு போனால் ஓட ஒரு ஜெனரேட்டர். ஓடிய மணியைக் காட்ட, பம்ப்செட் சோதனை மேடையிலிருந்து கழற்றிய மீட்டர். கடைசியாக, யாரும் இடையில் அணைத்து ஏமாற்றாமல் இருக்க, சுவிட்சின் மேல் ஈயச் சீல். பிறகு சுப்பையன் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். வீட்டு ஹாலில் ஒரு நாளைக்கு இவ்வளவு வெளிச்சம், பெட்டிக்குள் இவ்வளவு வெளிச்சம், வகுத்துப் பெருக்கினால் பெட்டியில் ஒரு நாள் வெளியே ஒரு வருஷம். வருஷத்துக்கு ஒரு நாள், நூறு வருஷத்துக்கு நூறு நாள். அதைவிட உருண்டையான கணக்கு கிடையாது என்பதால் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். தரையைக் கூட்டிய பிறகு திருப்பிப் பார்க்கவும் வழியில்லை.

சோதனைக்கு நிச்சயதார்த்தப் படத்தையே எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நாலு பேர்: பெண் தேஜஸ்ரீ, மாப்பிள்ளை வெங்கடபதி, பெண்ணைப் பெற்ற லட்சுமணசாமி, வரலட்சுமி. நால்வரும் வரிசையாக நின்றார்கள். ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு பிரிண்டு. ஒன்று பெட்டிக்குள் போனது. இன்னொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருட்டில் இருக்க வேண்டும் என்று, யாகூபின் மனைவி பக்ருன்னிசாவின் அரிசி டிரம்முக்குள் போனது. லெட்டர்பேடை எடுத்து யாகூப் தன் கையாலேயே எழுதினார்: இந்தப் படம் நூறு வருடம் நிற்கும். நிற்காவிட்டால் கடைப் பலகையை இறக்கி விடுகிறேன். அந்தத் தெருவில் பலகை இறங்கிவிட்டது என்றால் கடை மூடிவிட்டது, ஆள் எழுந்திருக்க மாட்டான் என்று பொருள். ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த பக்ருன்னிசா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மங்காதுன்னு எழுதுங்களேன். எதுக்கு நிக்கும்னு எழுதறீங்க?"

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள. நீ பசையைப் பாரு."

மே முதல் தேதி பெட்டி ஓட ஆரம்பித்தது. நாற்பத்து மூன்றாம் நாள் மாப்பிள்ளை உட்கார்ந்தார்.

செய்தி கேட்டு லட்சுமணசாமி காரில் வருவதற்குள், எதிர்த்த சாரியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தி ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். தேஜஸ்ரீ கல்யாணத்துக்குத் தானும் ஒரு மாதிரி ஆல்பம் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"ஏனுங்க பாய், மாப்ளை உக்காந்துபோட்டாராமா?"

"கால் நோவு போல இருக்குதுங்க."

"நிக்கும்னு எழுதிக் குடுத்தீங்களாமா. உக்காந்தா அது எப்புடீங்க நிக்கறதாகும்? எனக்கு ஒண்ணுமில்லீங்க, ஏணி வேணும்னா கேளுங்க, எங்கிட்ட இருக்குது."

அரிசி டிரம்மைத் திறந்து மற்றப் பிரிண்டை எடுத்து வந்தார்கள். அதில் நால்வரும் நிமிர்ந்து நின்றார்கள், நன்றாகத் தூங்கி முகம் கழுவிய தெளிவோடு. வெங்கடபதி வேட்டி மடிப்பை அப்போதுதான் சரிசெய்து விட்ட மாதிரி கை இடுப்பில் இருந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை. நிஜ வெங்கடபதிக்கு ஒரு கேடும் இல்லை என்பதையும் திருப்பூருக்குப் போன் போட்டு உறுதிசெய்துகொண்டார்கள். அவர் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டுதான் பேசினார். லட்சுமணசாமி மீட்டரைப் பார்த்தார், சீலைப் பார்த்தார், ரொம்ப நேரம் தாடையைத் தடவினார். "நாலு போல்ட்டுல ஒண்ணு லூசானா மோட்டாரைத் தூக்கி எறியறதில்லீங்க. ஓடட்டும்" என்றார்.

ஓடியது. ஐம்பத்தோராம் நாள் தேஜஸ்ரீ உட்கார்ந்தாள், நாற்காலி நம்பர் 87. அறுபத்தாறாம் நாள் லட்சுமணசாமி உட்கார்ந்தார், நம்பர் 203, கைப்பிடி வைத்தது. இது நிஜ லட்சுமணசாமிக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. "டெஸ்ட் பெஞ்சு முன்னால எழுவத்திரண்டு மணி நேரம் நின்னவன் நானு" என்று பெட்டிக் கண்ணாடியைத் தட்டி, தன் படத்தையே எழுப்பப் பார்த்தார். படம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துபோய், பேரூரிலிருந்தும் சூலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் தெர்மாமீட்டரோடு வந்து அரை மணி நேரம் குறிப்பெடுத்தார். சூடு அரை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வாடகைக்காரர் வாரம் ஒரு முறை வந்து நாற்காலிகளை எண்ணிக்கொண்டு போனார்.

இப்போது வரலட்சுமி ஒருவர்தான் நின்றார். மூன்று பேர் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால், தாம்பாளத்தைக் கையில் பிடித்தபடி, சிரித்த முகம் மாறாமல் நின்றார். யாகூபின் பலகை முழுக்க அந்த ஒரு ஜோடிக் காலின் மேல் தொங்கியது. தினம் காலையில் கடை திறந்ததும் யாகூப் பெட்டி முன்னால் போய் நிற்பார். "இன்னும் இருவத்தஞ்சு நாளுதானுங்கம்மா. சித்தெ பல்லைக் கடிச்சுக்கங்க" என்பார். மறுநாள் இருபத்து நாலு என்பார். அந்தம்மா நிற்கும்போது தான் மட்டும் உட்காருவது மரியாதையில்லை என்று தோன்றியதால் யாகூபும் கடையில் உட்காருவதை விட்டுவிட்டார். நின்றே பில் எழுதினார், நின்றே டீ குடித்தார், நின்றே கணக்குப் பார்த்தார். ஒரு வாரத்தில் கணுக்கால் இரண்டும் பன்னைப் போல வீங்கின. பக்ருன்னிசா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"பத்து நாளு நின்னதுக்கே உங்களுக்கு இப்புடி வீங்கிக் கெடக்குது. அந்தம்மா எழுவது வருசமா நிக்கறாங்க. அவங்க காலை ஆராச்சும் பாத்தீங்களா?"

"அது படம் புள்ள."

"படமோ பாயசமோ. உக்காந்த மூணு பேருக்கும் நாற்காலி ஆருங்க எடுத்துப் போட்டது? அவங்களாத்தான் இருக்கும்."

யாகூப் அன்று பெட்டிக்குப் போய்ப் பார்த்தபோது, வரலட்சுமியின் புடவை முந்தானை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தது. முதலில் அப்படி இல்லை. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து "பல்லைக் கடிச்சுக்கங்க" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பலகை இருக்க வேண்டும். அதற்கு இந்தம்மா நிற்க வேண்டும். இந்தம்மா உட்கார்ந்தால் தேவலை என்றும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து அவரால் நினைக்க முடியவில்லை. பெட்டி முன்னால் நின்றுவிட்டு வந்தார்.

எண்பத்தெட்டாம் நாள், ஜூலை இருபத்தேழு, வியாழக்கிழமை மத்தியானம் வரலட்சுமி ஆல்பத்துக்கு அட்டை பார்க்க வந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் லேப் பக்கமே வரவில்லை. பத்திரிகை, பட்டு, சமையல்காரர் என்று அலைச்சல். தான் உட்கார்ந்துவிட்ட விஷயத்தை லட்சுமணசாமி வீட்டில் சொல்லவும் இல்லை. லட்சுமணசாமியும் கூட வந்திருந்தார், சுப்பையன் மீட்டர் பார்க்க வந்திருந்தார், ஈஸ்வரமூர்த்தி சும்மா வந்திருந்தார். வரலட்சுமி அட்டையை ஒதுக்கிவிட்டு, "பெட்டியைக் காட்டுங்க" என்றார்.

குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். முதலில் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். பிறகு கைப்பிடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். கடைசியாகத் தன்னைப் பார்த்தார். பின் அறையில் இருபத்து நாலு டியூப்லைட்டும் கூடி முனகும் சத்தம் மட்டும் கேட்டது.

"இது எத்தனையாவது வருசமுங்க?"

"எம்பத்தெட்டுங்கம்மா" என்றார் யாகூப். "நீங்க ஒருத்தருதான் நிக்கறீங்க. உங்களாலதான் என்ற பலகை..."

அவர் முடிக்கவில்லை. வரலட்சுமி நிமிர்ந்து, கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, எம்பத்தெட்டு வருசத்துல ஒருக்கா, ஒரே ஒருக்கா, நீ உக்காரு அம்மணின்னு சொல்லோணும்னு தோணலீங்களா உங்களுக்கு?"

"அது நானில்ல அம்மணி. படம்."

"ஊட்டுல மட்டும்?"

வரலட்சுமி பெட்டியின் பக்கவாட்டுக்குப் போய், ஈயச் சீலைக் கட்டைவிரலால் நெம்பி எடுத்தார்.

"அம்மா, சீலுங்க!" என்று சுப்பையன் அலறினார்.

"சீலு கெடக்குது."

சுவிட்சை அணைத்தார். எண்பத்தெட்டு நாளாக எரிந்துகொண்டிருந்த வெளிச்சம் நின்றது. பெட்டி கும்மிருட்டாயிற்று. வரலட்சுமி கண்ணாடிக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய், வீட்டில் பேசுகிற தெலுங்கில், "கூச்சோ" என்றார். உட்காரு என்று அர்த்தம். பிறகு அவரும் பக்கத்திலிருந்த பேப்பர் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷம் போயிற்று. பக்ருன்னிசா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார், முதல் டம்ளரை வரலட்சுமிக்குக் கொடுத்தார்.

சுவிட்சைப் போட்டபோது படம் மாறியிருந்தது. வெங்கடபதி, தேஜஸ்ரீ, லட்சுமணசாமி மூவரும் எழுந்து, தலை வாரி, விறைப்பாக நின்றார்கள். வரலட்சுமி கைப்பிடி வைத்த 203-ஆம் நம்பர் நாற்காலியில், காலை நீட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். தாம்பாளம் லட்சுமணசாமி கையில் இருந்தது.

ஈஸ்வரமூர்த்திதான் முதலில் வாயைத் திறந்தார். "பாய், ஏணி கொண்டாரட்டுங்களா?"

யாகூப் படத்தில் நின்றுகொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார். அரிசி டிரம்முக்குள் இருந்த படத்தில் நால்வரும் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது ஞாபகம் வந்தது. எண்பத்தெட்டு நாளில் முதல் தடவையாக அவர் மூளை வாயை முந்தியது.

"ஏனுங்க, உங்க ஊட்டு ஹால்ல ராத்திரி லைட்டு எரியுமுங்களா?" என்று லட்சுமணசாமியைக் கேட்டார்.

"ஒம்பதரைக்கு அணைச்சுப்போடுவமுங்க."

"அப்ப செவுத்துல இருக்கற படத்துக்கு ராத்திரின்னு ஒண்ணு உண்டு. நாம பாக்காதப்ப உக்காந்துக்கும். காத்தால லைட்டு போடறதுக்குள்ள எந்திரிச்சுக்கும். இந்தப் பெட்டிக்குள்ள ராத்திரியே வெக்கலீங்களே. சுப்பையன் வெளிச்சத்தை வருசத்துக்குக் கூட்டுனாரு, இருட்டைக் கூட்ட மறந்துபோட்டாரு. இதுல ஓடுனது எம்பத்தெட்டு வருசமில்லீங்க. எம்பத்தெட்டு நாள் நீளத்துக்கு ஒரே ஒரு பகலு."

சுப்பையன் தரையைப் பார்த்தார். சாக்பீஸ் கணக்கு அங்கே இல்லை. வரலட்சுமியின் ஆல்பத்தையும் கொண்டுவரச் சொல்லிப் பிரித்துப் பார்த்தார்கள். இருபத்து மூன்று நிஜ வருஷம். அடுப்புப் புகை, சாம்பிராணி, மழைக்கால ஓதம், ஒரு தடவை குழாய் உடைந்து வந்த தண்ணீர். நிறம் போய்விட்டது, ஆனால் சிவப்புச் சிவப்பாக எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பெட்டியில் நிறம் நிற்கிறது, ஆள் உட்காருகிறார். வீட்டில் ஆள் நிற்கிறார், நிறம் உட்காருகிறது. பெட்டி சொன்னதில் ஒன்றுகூட வீட்டோடு ஒத்துப்போகவில்லை.

லட்சுமணசாமி அப்போது, கம்பெனியில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார். எழுபத்திரண்டு மணி நேரம் கொஞ்சமும் திணறாமல் ஓடிய பம்ப்செட் ஒன்று, அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் எட்டே மாதத்தில் புகைந்து திரும்பி வந்ததாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஓணான். "டெஸ்ட் பெஞ்சுல ஓணான் இல்லீங்களே" என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சோதனை செல்லாது, படத்தின் மேல் குற்றமில்லை, கல்யாண வேலை யாகூபுக்குத்தான் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

யாகூப்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சோதனை தப்போ சரியோ, எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான் என்றார். நிற்கும் என்று எழுதியிருக்கிறது, நாலு பேரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அந்தம்மாவை இனி எழுந்து நிற்கச் சொல்லத் தன்னால் ஆகாது. "நீங்க உக்காந்தே இருங்கம்மா" என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். ஏணியை ஈஸ்வரமூர்த்தியிடமிருந்தே வாங்கிவந்து, வாசலில் சாத்தி, வீங்கிய காலோடு ஏறினார். தெருவில் கூட்டம் கூடியது. பக்ருன்னிசா ஏணியைப் பிடித்துக்கொண்டார். மூன்று ஆணியைப் பிடுங்கியாயிற்று, ஒன்றுதான் பாக்கி.

"இருங்க பாய்" என்றார் லட்சுமணசாமி. லெட்டர்பேடு காகிதத்தை இன்னொரு முறை படித்தார். "இறக்கி விடுகிறேன்னுதான் போட்டிருக்குது. எத்தனை இறக்கறதுன்னு போடலீங்களே?" சுப்பையனிடம் டேப் இருந்தது. பலகை எட்டடியில் இருந்தது. நாலு பேரில் ஒருவர் உட்கார்ந்தால் கால் பங்குத் தவறு. எட்டில் கால் பங்கு இரண்டடி. ஆக இரண்டடி இறக்கினால் வாக்கு சுத்தமாகத் தீர்ந்தது. ஈஸ்வரமூர்த்தி மறுத்துப் பேசப் பார்த்தார், ஆனால் வகுத்தல் சரியாக இருந்தது. ஆறடி உயரத்தில் பலகையை மறுபடி அடித்தார்கள். கை குலுக்க உள்ளே வந்த லட்சுமணசாமியின் நெற்றிதான் அதில் முதலில் இடித்தது. அதற்குப் பிறகு உயரமானவர்கள் எல்லோரும் தலை குனிந்துதான் நூர் கலர் லேபுக்குள் நுழைந்தார்கள். யாகூபுக்குத் தெருவில் மரியாதை கூடிவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வரலட்சுமியின் உத்தரவுப்படி எல்லாப் படமும் உட்கார்ந்தபடியே எடுக்கப்பட்டது. எழுநூறு பேர் வரிசையில் வந்து, மணமக்கள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, எடுத்து, எழுந்து போனதில் மத்தியானப் பந்தி நாலரை மணிக்குத்தான் முடிந்தது. பழைய சிவப்பு ஆல்பத்தை வரலட்சுமி பக்ருன்னிசாவிடம் கொடுத்து அரிசி டிரம்முக்குள் வைக்கச் சொன்னார். நாற்பத்தோராம் நாள் எடுத்துப் பிரித்தார்கள். நிறம் ஒன்றும் திரும்பவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு சிவப்பு மட்டும் முன்வரிசைக்கு வந்து, பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. துண்டை எட்டாக மடித்து மடியில் வைத்திருந்த விதத்தில் வரலட்சுமி கண்டுகொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஆல்பத்தின் மேல் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

யாகூப் அதற்குப் பிறகு உத்தரவாதம் கொடுப்பதை நிறுத்தவில்லை, வாசகத்தை மட்டும் மாற்றினார். அதைப் பக்ருன்னிசா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நிக்குமுங்களா என்று கேட்டு வருகிறவர்களுக்கு, "இருக்குமுங்க" என்றார். நூறு வருடம் இருக்கும். ஒருவரை உட்காரச் சொல்வதற்கும் அந்த ஊரில் "இருங்க" என்றுதான் சொல்வார்கள் என்பதால், நின்றாலும் சரி, உட்கார்ந்தாலும் சரி, அந்தச் சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. நாலு வருஷம் ஒரு புகாரும் இல்லை.

1999-இல், சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டு எதிரே பேக்கரி வைத்திருந்த சுப்பண்ணன் ஒரு படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். யாகூப் பிரிண்டு போட்டுக் கொடுத்த குடும்பப் படம், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தது. அவருடைய பேக்கரி இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருப்பது, டியூப்லைட்டை அணைத்த நாளே கிடையாது. யாகூப் துண்டைப் பிரித்தார். படத்தில் சுப்பண்ணன், அவர் வீட்டம்மா, இரண்டு பையன்கள், கொழுந்தியா, ஐந்து பேரும் தலைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கும்னு சொன்னீங்களேங்க?"

யாகூப் படத்தைக் கையில் வாங்கி ஆட்களை எண்ணினார். "அஞ்சு பேருங்களா? அஞ்சு பேரும் இருக்கறாங்களே" என்றார். சுப்பண்ணனும் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. இருந்தாலும் வருகிற வாடிக்கைக்காரர் முன்னால் குடும்பமே படுத்துக் கிடப்பது நன்றாயில்லை என்றார். அதுவும் நியாயம்தான் என்று யாகூபுக்குப் பட்டது. சட்டத்தின் கொக்கியைக் கழற்றி, பக்கவாட்டில் அடித்து, படத்தைக் கால் சுற்றுத் திருப்பிக் கொடுத்தார். கொக்கிக்கு ரெண்டு ரூபாய் ஆயிற்று. அன்று முதல் அந்தப் படம் சத்தியமங்கலத்தில், தேங்காய் பன் தட்டுக்கு மேலே, நின்றுகொண்டிருக்கிறது.